காரில் தீராத என்ஜின் ஆயில் கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயில் லீக்கோடு பட்டறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே விதமான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஏற்கெனவே ஓரிரு முறை செலவு செய்தும் தீராமல் வருபவர்களே அவர்களில் அதிகம். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய, முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய பெட்ரோல், டீசல் கார்களை மனத்தில் கொண்டே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

காலையில் வண்டியை எடுத்ததும் தரையில் ஈரக்கறை தெரிகிறது. அது என்ஜின் ஆயில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். முன்சக்கரங்கள் நின்ற இடத்தை அதில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் நிறமும் இடமும் சேர்ந்தே தெரிந்துவிடும். ஏசியிலிருந்து விழுவது வெறும் தண்ணீர், நிறமில்லாமல் உலர்ந்துபோகும். கூலன்ட் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, இனிப்பு கலந்த வாடையோடு இருக்கும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. என்ஜின் ஆயில் தேன் நிறத்திலிருந்து கறுப்பு வரை இருக்கும். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். கியர் ஆயில் அதைவிடக் கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருக்கும். இந்தக் கந்தக நாற்றம் பின்னால் ஒரு முக்கியமான கேள்விக்குப் பயன்படும்.

சக்கரத்தை ஒட்டி வெளிர்மஞ்சளாக, நீர்த்த எண்ணெய் போல ஏதேனும் விழுந்திருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. அப்படியே ஓட்டலாமா?

ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். இரவில் பத்துச் சொட்டு விழுகிறது என்றால் மாதத்துக்கு 15 மில்லிதான். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் நின்ற வண்டியில் விழும் சொட்டை வைத்து ஓடும் வண்டியின் கசிவைக் கணக்கிட முடியாது. ஓடும்போது ஆயில் சூடாகி நீர்க்கிறது. பம்பின் அழுத்தமும் சேர்கிறது. 30 மீட்டருக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் 1,000 கிலோமீட்டரில் 33,000 சொட்டுக்கு மேல், அதாவது ஒன்றரை லிட்டருக்கும் கூடுதல். சிறிய கார்கள் பலவற்றில் சம்ப் (என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) கொள்வதே மூன்று லிட்டரைச் சுற்றித்தான். ஆகவே தரையைப் பார்த்து முடிவு செய்யாமல், வாரம் ஒரு முறை ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்த்து அளவை எழுதி வையுங்கள். சமதரையில், என்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று நிலைகளில் தள்ளிப்போடக் கூடாது. ஆயில் சைலன்ஸர் மேனிஃபோல்டு மீது விழுந்து தீய்ந்த வாடை வருவது முதலாவது. தீப்பிடிக்க அது போதும். டைமிங் பெல்ட் மீது ஆயில் படுவது இரண்டாவது. ரப்பர் ஊறிப் பெல்ட் அறுந்தால் பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிவது மூன்றாவது. விளக்கு எரிந்தால், அடுத்த பட்டறை அரை கிலோமீட்டரில் இருந்தாலும், ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள்.

அடியில் எங்கே பார்த்தாலும் ஆயிலாக இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வேலை கழுவுவது. கழுவாமல் லீக் தேடுவது வீண். ஆயில் மேலிருந்து கீழே வழிகிறது. ஓடும்போது அடியில் வீசும் காற்று அதைப் பின்பக்கமாகத் தள்ளுகிறது. ஆகவே சொட்டு விழும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஈரமாக இருக்கும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ, அதுவே சந்தேகத்துக்குரிய முதல் இடம்.

என்ஜின் ஆறிய பிறகு ஆல்டர்னேட்டர், மின் இணைப்புகள், காற்று வடிகட்டியின் வாய் ஆகியவற்றை பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, டிகிரீஸர் தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பெட்ரோலால் துடைக்கவே கூடாது. உலர்ந்த பின் என்ஜினை ஓடவிட்டு 15 நிமிடம் கழித்து டார்ச்சும் சிறு கண்ணாடியும் கொண்டு மேலிருந்து பாருங்கள். எதுவும் தெரியாவிட்டால் 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஒரேயடியாக 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தால் மறுபடியும் எல்லா இடமும் ஈரமாகியிருக்கும், கழுவியது வீணாகிவிடும்.

மெல்லிய கசிவுக்கு முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரே நல்ல கருவி. சுத்தமான உலர்ந்த உலோகத்தின் மேல் தூவிவிட்டு, என்ஜினைச் சும்மா ஓடவிட்டுப் பார்த்தால், வெண்மையின் நடுவே ஒரு பழுப்புக் கோடு மேலிருந்து இறங்குவது தெரியும். அந்தக் கோட்டின் தலைதான் கசியும் இடம். கழுவ இயலாத நிலையிலும் ஓர் அடையாளம் உண்டு. பழைய கசிவின் மேல் தூசி படிந்து கறுப்புப் பொருக்காக இருக்கும். புதிய ஆயில் அந்தத் தூசியைக் கரைத்துக்கொண்டு இறங்குவதால், அதன் வழி மட்டும் விரல் அகலத்துக்குப் பளபளப்பாகத் தெரியும்.

இவற்றுக்கும் பிடிபடாவிட்டால், ஆயிலில் கலக்கும் ஒளிர்சாயம் இருக்கிறது. சாயத்தை ஊற்றி இரண்டு நாள் ஓட்டிவிட்டு, இருட்டான இடத்தில் புற ஊதா விளக்கை அடித்தால் கசிந்த தடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். இதைச் செய்யும் பட்டறைகள் குறைவு. ஆனால் கியர்பாக்ஸை இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் இதன் செலவு சொற்பம்.

எந்தெந்த இடங்களை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

மேலிருந்து கீழே வாருங்கள். கேஸ்கெட் என்பது இரு பாகங்கள் சேரும் விளிம்பில் வைக்கும் அடைப்பு; சீல் என்பது சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்; கிராங்க் என்பது பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு; டேப்பெட் கவர் என்பது என்ஜினின் உச்சி மூடி. ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர், டேப்பெட் கவர் கேஸ்கெட், கேம்ஷாஃப்ட் சீல், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டியானால் அதன் ஓ-ரிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், ஃபில்டரோடு ஆயில் கூலர் இருந்தால் அதன் கேஸ்கெட், டைமிங் கவர், புல்லிக்குப் பின்னால் உள்ள முன் கிராங்க் சீல், சம்ப் விளிம்பு, டிரெயின் போல்ட், கடைசியாகப் பின் கிராங்க் சீல். டர்போ இருந்தால் அதற்குப் போய்வரும் ஆயில் குழாய்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் பிரஷர் சுவிட்சைத்தான் பலரும் மறக்கிறார்கள். மலிவான சிறிய உதிரி அது. ஆனால் உள்ளே முழு ஆயில் அழுத்தமும் அதன் மேல் இருக்கிறது. அதன் வயர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கின் உள்ளே ஆயில் நின்றால் சுவிட்ச் போய்விட்டது.

‘பின் கிராங்க் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்’ என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டு விழுகிறது என்பதை மட்டும் வைத்து அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டேப்பெட் கவரின் கியர்பாக்ஸ் பக்க மூலையில் கசியும் ஆயில் என்ஜின் பிளாக்கின் ஓரமாக இறங்கி, அதே பெல் ஹவுசிங்கின் அடியில் வந்துதான் சொட்டும். கார்புரேட்டர் காலத்து மாருதி 800இல் டிஸ்ட்ரிபியூட்டர் கியர்பாக்ஸ் பக்கமே அமைந்திருப்பதால், அதன் ஓ-ரிங் கசிந்தாலும் பார்ப்பதற்குப் பின் சீல் லீக்கைப் போலவே இருக்கும். சில ரூபாய் ரப்பர் வளையத்துக்காகக் கியர்பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு.

கசியும் இடத்தைத் தேடும் பதிலில் சொன்னபடி கழுவி, பெல் ஹவுசிங்குக்கு மேலே உள்ள பகுதி முழுவதும் உலர்ந்திருக்க, அடியில் மட்டும் ஈரம் வருவதைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து, அது என்ன ஆயில் என்று பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால், கியர்பாக்ஸின் உள்தண்டு சீல்தான் கசிகிறது. கியர் ஆயிலின் அளவும் குறைந்திருக்கும். இரண்டில் எதுவானாலும் கியர்பாக்ஸ் இறங்கத்தான் வேண்டும். ஆனால் எந்த சீலை மாற்றுவது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது என்ஜின் வேகம் ஏறியும் வண்டி நகரத் தயங்கினால், ஆயில் கிளட்ச் தட்டு வரை போயிருக்கலாம்.

உண்மையாகவே இறக்க வேண்டியதானால் இரண்டு சீல்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கிளட்ச் தட்டு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் அப்போதே மாற்றுவது நல்லது. கூலியை ஒரே முறை கொடுத்தால் போதும்.

டேப்பெட் கவர் கேஸ்கெட்டை இரண்டு முறை மாற்றியும் அதே இடத்தில் ஒழுகுகிறது. ஏன்?

முதல் காரணம், பழைய கேஸ்கெட்டின் துணுக்கும் காய்ந்த பேஸ்டும் பள்ளத்தில் அப்படியே இருக்க, அதன் மேலேயே புதியதை வைப்பது. பிளாஸ்டிக் சுரண்டியால் பள்ளத்தில் உள்ளதை எடுத்து, துணியால் துடைத்து, ஆயில் பசை சிறிதும் இல்லாமல் செய்த பிறகே புதியதை வைக்க வேண்டும். இரும்புத் தகட்டால் சுரண்டினால் அலுமினிய ஹெட்டில் கீறல் விழுந்து, அந்தக் கீறலே புதிய வழியாகிவிடும்.

இரண்டாவது காரணம் இறுக்கம். ஒழுகுகிறது என்றதும் போல்ட்டை மேலும் திருகுவது நம் ஊர்ப் பழக்கம். பெரும்பாலான சிறிய கார்களில் இந்த போல்ட்டுக்குச் சொல்லப்படும் இறுக்கம் 10 நியூட்டன் மீட்டரைச் சுற்றியே இருக்கும்; அதாவது சிறிய ராட்சட்டை மணிக்கட்டால் மட்டும் திருப்பும் அளவு. அதற்கு மேல் போனால் தகட்டுக் கவர் போல்ட் உள்ள இடத்தில் குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே தூக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் கவர் வளைந்துவிடும். கவரைக் கண்ணாடிப் பலகையின் மேல் கவிழ்த்து வைத்தால் வளைவு தெரிந்துவிடும். வளைந்த பிளாஸ்டிக் கவருக்கு எந்த கேஸ்கெட்டும் ஒத்துவராது. கவரையே மாற்ற வேண்டும்.

இன்னும் இரண்டு சிறு விஷயங்கள் விடுபடுகின்றன. கவர் போல்ட்டின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர்கள் கல்லாகியிருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். பல என்ஜின்களில் கேம் மூடி ஹெட்டோடு சேரும் மூலைகளிலும், அரைவட்ட அடைப்பு உள்ள இடங்களிலும் கேஸ்கெட்டோடு ஒரு பொட்டு சிலிக்கான் வைக்கச் சொல்லிக் கையேட்டில் இருக்கும். அந்தப் பொட்டை வைக்காவிட்டால் அசல் கேஸ்கெட்கூட மூலையில் கசியும். இவையெல்லாம் சரியாக இருந்தும் ஒழுகினால் குற்றம் கேஸ்கெட்டில் இல்லை; அடுத்த பதிலைப் பாருங்கள்.

பிசிவி வால்வு என்கிறார்களே, அதற்கும் ஆயில் லீக்குக்கும் என்ன தொடர்பு?

பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே சம்ப் பக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதை உறிஞ்சி மீண்டும் என்ஜினுக்குள் எரியவிடுவதே பிசிவி வால்வின் வேலை. அதுவோ அதன் குழாயோ கசடால் அடைத்துக்கொண்டால் வாயு வெளியேற வழியின்றி, குக்கரில் விசில் அடைத்தது போல உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் எந்த சீல் மெலிந்திருக்கிறதோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். ஒரு சீலை மாற்றினால் அடுத்த சீல் கசியும். ஒரே ஆண்டில் வரிசையாக இரண்டு மூன்று இடங்களில் கசிவு வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பெட்ரோல் வண்டியில் என்ஜின் சும்மா ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, வாயின் மேல் ஒரு தாளை வையுங்கள். தாள் மெல்ல உள்ளே இழுபட்டு ஒட்டினால் நலம். தூக்கி எறியப்பட்டால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. டீசலில் அந்த இழுப்பு இராது. ஆனால் புகை குபுகுபுவென வெளியேறக் கூடாது. தனியாகக் கழற்றும் வகை வால்வானால் குலுக்கிப் பாருங்கள், உள்ளே கடகடவென ஒலிக்க வேண்டும். புதிய என்ஜின்கள் சிலவற்றில் இது டேப்பெட் கவரின் உள்ளேயே ரப்பர்த் திரையாக இருக்கும். திரை கிழிந்தால் பல வண்டிகளில் கவரோடுதான் மாற்ற வேண்டியிருக்கும்.

வால்வும் குழாயும் சுத்தமாக இருந்தும் அழுத்தம் இருந்தால், வளையங்கள் தேய்ந்து வாயு அளவுக்கு மீறி இறங்குகிறது என்று பொருள். கம்ப்ரஷன் சோதனை (சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது) செய்து பார்த்த பிறகே சீல்களுக்குச் செலவு செய்யுங்கள்.

அனபாண்ட் போட்டு அடைத்துவிட்டால் போதாதா?

நம் பட்டறைகளில் சிலிக்கான் பேஸ்ட் எதுவானாலும் அனபாண்ட்தான். அதைக் குறை சொல்வதற்கில்லை. பல என்ஜின்களில் சம்ப் பேஸ்ட்டால் மட்டுமே அடைக்கப்படுகிறது. தவறு அதை இடும் முறையில்தான். வெளியிலிருந்து ஆயில் பசையின் மேல் பூசினால் சில நாட்களில் தோல் போல உரிந்துவிடும். உள்ளே வைக்கும்போது தாராளமாக வைத்தால், பிதுங்கிய பேஸ்ட் உட்புறம் உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்து, என்ஜினையே காவு வாங்கும்.

இரு பரப்பையும் சுத்தம் செய்து, சுமார் 3 மில்லிமீட்டர் பருமனில் ஒரே கோடாக, போல்ட் துளைகளின் உட்புறமாக இட வேண்டும். பேஸ்ட் இறுகக் குழாயில் அச்சிட்டுள்ள நேரம் வரை, பெரும்பாலும் ஒரு நாள், ஆயில் ஊற்றாமல் காத்திருக்க வேண்டும். மாலைக்குள் வண்டி வேண்டும் என்று நீங்கள் அவசரப்படுத்தினால் இந்த வேலை கெடும். ரப்பர் கேஸ்கெட்டின் மேல் முழுவதும் பேஸ்ட் தடவுவதும் தவறு. ரப்பர் வழுக்கி இடம் மாறும்.

ஆயில் மாற்றிய மறுநாளிலிருந்துதான் ஒழுகுகிறது. அதற்கு முன் ஒன்றும் இல்லை.

அப்படியானால் தேடும் இடம் சுருங்கிவிட்டது. ஃபில்டர் மாற்றும்போது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியதன் வளையமும் சேர்ந்தால், ஆயில் சிறிது நேரத்திலேயே கொட்டிவிடும். வளையத்தில் ஆயில் தடவாமல் மாட்டினால் அது முறுக்கிக்கொண்டு மெல்லக் கசியும். புதிய ஃபில்டரின் வளையம் என்ஜினைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று போதும்.

டிரெயின் போல்ட்டின் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒரு முறைதான் நசுங்கும். ஒவ்வொரு முறையும் புதியது போட வேண்டும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். மெலிந்த சீல்களில் கசிவும் கூடும். கூடுதலை இறக்கிவிடுங்கள். ஃபில்டரைக் கழற்றும்போது வழிந்த ஆயிலைத் துடைக்காமல் விட்டிருந்தால் அதுவே இரண்டு மூன்று நாள் சொட்டும். அது லீக் அல்ல.

டிரெயின் போல்ட்டின் மரை தேய்ந்துவிட்டது, சம்ப்பையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். வேறு வழி இல்லையா?

இருக்கிறது. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி எஃகுச் சுருள் மரை பொருத்தித் தருவார்கள். அலுமினிய சம்ப்புக்கு இது அசல் மரையைவிட உறுதியானது. சம்ப்பைக் கழற்றிச் செய்வதே முறை, உலோகத்தூள் உள்ளே விழக் கூடாது. டெஃப்லான் டேப் சுற்றி இறுக்குவது அடுத்த ஆயில் மாற்றம் வரை தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

சம்ப் ஸ்பீடு பிரேக்கரில் அடிபட்டு விரிசல் விட்டுள்ளது. எம்-சீல் தாங்குமா?

ஆயிலை முழுவதும் இறக்கி, பரப்பைப் பசையறத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்துப் போட்டால் வீடு வந்து சேரும் வரை தாங்கும். ஆயில் கசிந்துகொண்டிருக்கும்போதே ஒட்டினால் ஒட்டாது. நிரந்தரத் தீர்வு, அலுமினியமானால் ஆர்கான் வெல்டிங் அல்லது புதிய சம்ப். தகட்டு சம்ப்பானால் புதியதை வாங்கிவிடுவதே மலிவு. அடி பலமானால் உள்ளே உள்ள ஆயில் சல்லடையும் வளைந்திருக்கலாம். கழற்றும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

லீக் நிறுத்தும் திரவம் கடைகளில் விற்கிறார்கள். அல்லது கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினால் நிற்குமா?

அந்தத் திரவங்கள் இறுகிப்போன ரப்பரைச் சற்று ஊதவைப்பவை. வயதால் கெட்டிப்பட்ட கிராங்க் சீலில் மெல்லிய கசிவு என்றால் சில மாதங்கள் குறையலாம். கிழிந்த சீல், உடைந்த கேஸ்கெட், வளைந்த விளிம்பு எதையும் அவை அடைக்காது. கெட்டி ஆயில் கசிவை மெதுவாக்கும். ஆனால் மெல்லிய 5டபிள்யூ-30 கேட்கும் என்ஜினுக்கு அதை ஊற்றினால் குளிர்ந்த நிலையில் மேலே ஆயில் ஏறத் தாமதமாகும். டர்போவும் மாறும் வால்வு நேர அமைப்பும் உள்ள வண்டிகளுக்கு அது நல்லதல்ல.

முன் கிராங்க் சீலைப் புதிதாகப் போட்டோம். மூன்றே மாதத்தில் மறுபடியும் கசிகிறது.

உள் அழுத்தம் இல்லை என்பதை பிசிவி பதிலில் சொன்ன தாள் சோதனையால் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து, சீலின் உதடு உட்காரும் தண்டைப் பாருங்கள். பல ஆண்டு ஒரே இடத்தில் உரசியதால் அங்கே மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டும். அந்தப் பள்ளத்தின் மேல் எந்த சீலும் நிற்காது. சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி, உதடு புதிய இடத்தில் படும்படி உட்கார வைக்கலாம். அல்லது மெல்லிய எஃகு உறையைத் தண்டின் மேல் ஏற்றலாம். தண்டைப் பிடித்து அசைத்தால் ஆடுகிறது என்றால் பேரிங்தான் நோய், சீல் அல்ல.

பொருத்தும் முறையிலும் கவனம் தேவை. சுருள் கம்பி உள்ள பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். நேராக, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தட்டி இறக்க வேண்டும். சாதாரண ரப்பர் உதட்டுக்கு ஆயில் தடவிப் போட வேண்டும். டெஃப்லான் உதடு கொண்ட புதிய வகை சீல்களை உலர்வாகத்தான் பொருத்த வேண்டும். பழக்கத்தால் எல்லாவற்றுக்கும் ஆயில் தடவுகிறார்கள். சீல் திரும்பவும் கசிய இதுவும் ஒரு காரணம்.

தரையில் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் ஆயில் குறைந்துகொண்டே போகிறது.

முதலில், அடிக்கவசத்தைக் கழற்றிப் பாருங்கள். அதன் மேல் தேங்கி நின்றால் தரைக்கு வராது. ஸ்பார்க் பிளக் குழிகளையும் பாருங்கள். குழிச் சீல் போய் ஆயில் உள்ளே தேங்கினால் இக்னிஷன் காயிலின் ரப்பர் ஊறி, என்ஜின் விட்டுவிட்டு அடிக்கும்.

எங்கும் இல்லையென்றால் எரிகிறது. நின்ற வண்டியைக் கிளப்பியதும் ஒரு வீச்சு நீலப்புகை வந்தால் வால்வு சீல். விசை கொடுக்கும்போது தொடர்ந்து வந்தால் பெரும்பாலும் வளையங்கள். டர்போ வண்டியில் டர்போவின் உள் சீலையும் சந்தேகிக்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் மோர் நிறம் தெரிந்தால் கூலன்ட் கலக்கிறது என்று கொண்டு வண்டியை நிறுத்திவிடுங்கள். மழைக்காலத்தில் மூடியின் அடியில் மட்டும் இலேசாக வெண்மை படிவது ஈரத்தால் வருவது. நீண்ட ஓட்டத்தில் மறைந்துவிடும்.

வேலை முடிந்துவிட்டது. லீக் நின்றது என்று எப்போது சொல்லலாம்?

பட்டறையிலேயே கழுவித் தரச் சொல்லுங்கள். கழுவாமல் கொடுத்தால் எதையும் சொல்ல முடியாது. 50 கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு முறையும், 500 கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு முறையும் அதே இடத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். டிப்ஸ்டிக் அளவையும் வேலைக்கு முன் எழுதி வைத்த அளவோடு ஒப்பிடுங்கள்.

பின் சீலை மாற்றிய வண்டியில் மட்டும் ஒரு வாரம் பொறுமை வேண்டும். பெல் ஹவுசிங்கின் உட்சுவரில் ஒட்டிய பழைய ஆயில் சூட்டில் இளகி, அடித்துளை வழியே இன்னும் சில நாள் சொட்டும். அது நாளுக்கு நாள் குறைந்து, கறுப்பாகவே இருந்தால் பழையது. புதிதாக ஊற்றிய ஆயிலின் தேன் நிறம் அட்டையில் தெரிந்தால், அன்றே பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.